தம்பியின் கூட்டம்

வாழையிலையில் சுருட்டிக் கொடுத்த சோற்றைக் குங்குன் அடுப்படி வாசலில் நின்றபடியே பிரித்தான். கருவாட்டை முள்ளோடு சேர்த்துக் கடித்தான். சம்பலைச் சோற்றில் பிசையும் பொறுமை அவனுக்கு எப்போதும் கிடையாது. விரலால் வழித்து நேராக வாயில் வைத்துக்கொண்டான்.

"உக்காந்து தின்னுடா. ஊருக்கெல்லாம் நபியோட சுன்னத்து சொல்ற ஆளு, குதிரை மாதிரி நின்னுக்கிட்டுத் திங்கிற," என்றான் அண்ணன் ஜெஜென்.

"நான் எங்க காங் சுன்னத்து சொல்றேன்? அதெல்லாம் உங்க கடைச் சரக்கு. நம்மகிட்ட வெறும் அழுகைக் கதைதான்."

அண்ணனை அங்கே 'காங்' என்பார்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஜெஜெனின் மனைவி இமாஸ் சிரித்தாள். அவள் சிரித்தது ஜெஜெனுக்குப் பிடிக்கவில்லை. அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அவள் "ம்" என்பதோடு சரி.

"ஒரு சந்தேகம் காங்," என்றான் குங்குன். "ஒரு பய தோள்லேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் டிராகன் பச்சை குத்தியிருக்கான். தொழறதுக்கு முந்தி அந்தக் கையைக் கழுவி ஒளு செய்தா செல்லாதுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். தொழுகையையே விட்டுட்டான். என்ன சொல்ல?"

ஜெஜென் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். தண்ணீர் தோலைத் தொடுவதைத் தடுப்பது எது, தடுக்காதது எது. தோலுக்கு மேல் ஒட்டும் சாயம் வேறு, உள்ளே இறங்கும் மை வேறு. மையோடு இரத்தம் கலந்திருந்தால் பழைய நூல்கள் என்ன சொல்கின்றன, அவற்றுக்கு உரை எழுதியவர்கள் என்ன சொல்கிறார்கள். அழிக்கப் போனால் உடம்புக்குக் கேடு வருமென்றால் அதன் நிலை என்ன. பேசப் பேச அவனுக்கு முகம் மலர்ந்தது. யாரும் அவனிடம் இப்படிப்பட்ட கேள்வி கேட்டு வெகு நாளாகியிருந்தது. குங்குன் சோற்றோடு வைத்த பெத்தாய் அவரைக் கொட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துத் தின்று முடித்தான்.

"ஆக, ஒளு செல்லும். அதானே காங்?"

"செல்லும். ஆனா..."

"போதும் காங். அந்தப் பய 'ஆனா'வைத் தாங்க மாட்டான்."

அண்ணனின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். சுமெடாங்கில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவனுடைய மார்க்கப் பேச்சு, பயான். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு பைக்கைக் கிளப்பிப் போய்விட்டான். என்னுடைய இத்தனை வருஷப் படிப்பையும் ஒற்றைச் சொல்லாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான் என்று நினைத்துக்கொண்டே ஜெஜென் அவன் போட்டுவிட்டுப் போன இலையை எடுத்துக் குப்பையில் போட்டான்.

ஜெஜென் பன்னிரண்டு வருஷம் கருட் என்ற ஊரில் ஒரு விடுதி மதரஸாவில் ஓதியவன். சிரங்கு பிடித்துச் சொறிந்தபடி, கருகிய சோறும் உப்பும் தின்று, மஞ்சள் தாளில் அச்சிட்ட அரபு நூல்களை வரி வரியாகப் படித்துத் தேறியவன். குங்குனை அதே மதரஸாவில் சேர்த்தார்கள். மூன்றாம் மாதமே சுவரேறிக் குதித்து பாண்டுங் நகருக்கு ஓடி வந்துவிட்டான். ஒரு பாட்டுக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தான். டீ-ஷர்ட் அச்சடித்து விற்றான். அவனுடைய நண்பன் ஒருவன் மாத்திரை தின்று செத்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் குங்குன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் காப்பிக் கடையில் உட்கார்ந்து தன்னைப் போன்ற பையன்களிடம் பேச ஆரம்பித்தான். அதை எவனோ கைப்பேசியில் பிடித்து இணையத்தில் போட்டான்.

அவ்வளவுதான். சறுக்குப் பலகைப் பையன்கள், பைக் கும்பல் பையன்கள், காதில் வளையம் போட்டவர்கள், நேற்றுத்தான் தலையில் துணி போட்ட பெண் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அவன் ஆசான், உஸ்தாத் குன். தலையில் பின்னல் தொப்பி, கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ். மைக்கைப் பிடித்து, "டேய் பசங்களா, நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டால் போதும், கூட்டம் விசும்ப ஆரம்பித்துவிடும்.

ஜெஜென் வியாழக்கிழமை அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு தெருப் பள்ளிவாசலில் பாடம் நடத்தினான். வருபவர்கள் எல்லாரும் கிழவர்கள். குங்குன் ஒருமுறை தன் பையன்கள் சிலரை அங்கே அனுப்பி வைத்தான். ஜெஜென் முறைப்படி நூலின் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினான்: தண்ணீரின் வகைகள். மழைத் தண்ணீர், கடல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், வெயிலில் சூடான தண்ணீர். மூன்றாவது வாரமும் தண்ணீரே ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது வாரம் பையன்கள் வரவில்லை.

"சித்தப்பா சொன்னா மனசுல நிக்குது," என்று அவன் மகளே சொன்னாள். "நீங்க சொன்னா பரீட்சை வரப்போற மாதிரி இருக்குப்பா."

மகளின் இயர்போனை வாங்கிப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவன் தம்பியின் பயான்களை ஒன்றுவிடாமல் பார்த்தான். தப்பு எங்கே வருகிறது என்று பார்ப்பதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தப்பும் வந்தது. தப்பு வரும் இடத்தில்தான் கூட்டம் அதிகம் அழுதது. அதை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்றைக்கு மஃரிப் தொழுகை அழைப்புக்குச் சற்று முன்னால் கைப்பேசி அடித்தது. சுமெடாங் போகும் மலைப்பாதையில், சாடாஸ் பாங்கேரான் வளைவில் மழை. எதிரே வந்த லாரி. சுமெடாங்கில் பையன்கள் அஸரிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்களாம்.

தம்பியின் உடலை, மய்யித்தை, ஜெஜென்தான் குளிப்பாட்டினான். வலது பக்கம் முதலில், பிறகு இடது பக்கம், ஒற்றைப்படையில் தண்ணீர். அவன் கை தன்பாட்டில் வேலை செய்தது. தம்பியின் இடது விரல் நுனிகளில் கிதார் கம்பி பதித்த தடிப்பு இன்னும் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் கை நின்றது. மாமா மாங் ஓமான் பின்னாலிருந்து, "ஊத்து ஜென், ஊத்து," என்றார். ஊற்றினான்.

விடியும்போது பாண்டுங்கின் உஜுங்பெருங் சதுக்கம் நிறைந்துவிட்டது. பள்ளிவாசல் கொள்ளாமல் புல்வெளியிலும், புல்வெளி கொள்ளாமல் சாலையிலும் பையன்கள். பைக்குகளைச் சந்தை வரைக்கும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கழுத்துவரை பச்சை குத்திய ஒருவன் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜெஜென் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் செத்தால் இப்படி அழ ஒருவன் வருவானா என்று தோன்றியது. தம்பி கஃபன் துணியில் கிடக்கும்போது இப்படித் தோன்றுகிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்ட பிறகும் அது போகவில்லை.

பகாஸ் என்பவன் வந்து கையைப் பற்றி நெற்றியில் வைத்தான். குங்குனின் கூட்டங்களையெல்லாம் ஏற்பாடு செய்பவன். தண்ணீர்ப் பாடத்துக்கு மூன்று வாரம் வந்து போனவர்களில் அவனும் ஒருவன்.

"காங், உஸ்தாத் தியோ ஜகார்த்தாவிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கார். ஜனாஸா தொழுகையை அவர் நடத்துவார்னு எல்லாத்துக்கும் அறிவிச்சுட்டோம்."

தியோ முன்னாளில் டிரம்ஸ் அடித்தவன். இப்போது குங்குனைவிடப் பெரிய கூட்டம் அவனுக்கு.

"யாரைக் கேட்டு அறிவிச்சீங்க?"

"கேக்கறதுக்கு என்ன காங், எல்லாரும் எதிர்பார்க்கறாங்க..."

"மய்யித்துக்கு வாரிசு யாரு? அப்பா இல்லை. பையன் இல்லை. அண்ணன் நான் இருக்கேன். தொழுவிக்கிற உரிமை எனக்கா, இல்ல டிரம்ஸ் அடிக்கறவனுக்கா? எந்தக் கிதாபுல போட்டிருக்கு சொல்லு."

பகாஸின் முகம் சுருங்கியது. "நான் கிதாபுல தண்ணியையே தாண்டலை காங்," என்றான். பக்கத்தில் நின்ற பையன்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான்.

"உரிமை ஜெஜெனுக்குத்தான்," என்றார் மாங் ஓமான். "சட்டம் அதுதான். விடு."

சட்டம் அதுதான். ஆனால் ஜெஜெனுக்குத் தெரியும், அவன் பிடித்தது சட்டத்தை அல்ல. இந்தக் கூட்டம் ஒருமுறையாவது அவன் பின்னால் நிற்க வேண்டும். அவன் 'அல்லாஹு அக்பர்' என்றால் இவர்கள் கைகட்ட வேண்டும். படித்தவன் யார் என்று ஒருமுறையாவது இவர்கள் பார்க்க வேண்டும். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் கிடையாது.

தியோ வந்தான். சண்டைக்குத் தயாராக நின்ற ஜெஜெனின் கையைக் குனிந்து முத்தமிட்டான்.

"காங் இருக்கும்போது நான் எப்படி முன்னால நிக்கறது? எனக்கு அதுல ஓதற துஆவே முழுசா மனப்பாடம் இல்லை காங். குன்தான் எப்பவும், 'ஏதாவது தெரியலைன்னா எங்க காங்கைக் கேளு'ம்பான். காப்பாத்தினீங்க."

எதிர்க்க ஆளில்லாமல் போனதில் ஜெஜெனுக்குக் கோபம்தான் வந்தது.

மய்யித்தை வைத்த சந்தூக்கை முன்னால் வைத்தார்கள். பச்சைத் துணி போர்த்தி, அதன்மேல் மல்லிகைச் சரம். எந்த ஜனாஸாவிலும் ஜெஜென் கூட்டத்தின் பக்கம் திரும்பி முறையைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவான். இது மற்றத் தொழுகை மாதிரி அல்ல. குனிவதோ நெற்றியைத் தரையில் வைப்பதோ கிடையாது. நின்றபடியே நாலு தடவை 'அல்லாஹு அக்பர்' என்னும் தக்பீர், கடைசியில் முகம் திருப்பி ஸலாம். வருஷக்கணக்காக இதையே சொல்லி வருகிறான்.

"சொல்லிடு ஜென்," என்றார் மாங் ஓமான். "எல்லாம் புதுப் பசங்க."

ஜெஜென் திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசை கண்ணுக்கு எட்டவில்லை. ஆயிரம் கைப்பேசிகள் உயர்ந்து நின்றன. தியோ மாதிரி ஆட்கள் இப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால் என்ன பேசுவார்கள்? மனதைப் பிழிகிற மாதிரி ஏதாவது பேசுவார்கள். தெருப் பள்ளிவாசல் லெப்பை மாதிரி 'குனியாதீங்க, நிமிருங்க' என்று சொல்வதா? தொழுது முடித்த பிறகு பேசலாம். தம்பியைப் பற்றி, அறிவைப் பற்றி, நல்லதாக நாலு வார்த்தை.

"தெரிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டுக் தொழும் திசையான கிப்லாவின் பக்கம் திரும்பினான்.

முதல் தக்பீர். ஒலிபெருக்கி அவன் குரலைச் சதுக்கம் முழுக்கக் கொண்டுபோனது. பின்னால் அத்தனை பேரும் கைகட்டிய ஓசை வந்தது. அந்த ஓசையில் அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. வாய் ஃபாத்திஹாவை ஓதியது; மனம் பிறகு பேசப்போகும் நாலு வார்த்தையை அடுக்கியது. முதல் வாக்கியம் அமைந்துவிட்டது. இரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்தான். ஃபாத்திஹா முடிந்தது.

"அல்லாஹு அக்பர்."

குனிந்தான்.

முழங்காலில் கை வைத்த பிறகுதான் சந்தூக்கின் பச்சைத் துணி முகத்துக்கு எதிரே இருப்பதைப் பார்த்தான். மல்லிகையின் வாசனை மூக்கில் ஏறியது. பின்னாலோ, காற்றில் வயல் சாய்வது மாதிரி ஆயிரக்கணக்கான உடைகள் சரசரத்தன. எல்லாரும் குனிந்துவிட்டார்கள். இமாம் குனிந்தால் குனிய வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தெரியும். முன் வரிசையில் மாங் ஓமானும் மதரஸாவிலிருந்து வந்த சில பெரியவர்களும் மட்டும் குனியாமல் நின்றார்கள்.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றார் மாங் ஓமான் மெதுவாக. தொழுகையில் இமாம் தவறினால் பின்னால் நிற்பவன் சொல்லும் சொல் அது. இத்தனை வருஷத்தில் யாரும் அதை ஜெஜெனுக்குச் சொன்னதில்லை.

நிமிர்ந்தான். நிமிர்ந்தார்கள். நபிமேல் ஸலவாத் ஓதினான். மூன்றாவது தக்பீருக்குப் பிறகு மய்யித்துக்கான துஆ. "இறைவா, இவனை மன்னித்துவிடு, இவன்மேல் இரக்கம் காட்டு." அரபியில் வழக்கமாக வழுக்கிக்கொண்டு போகும் அந்த வரி இன்று ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வந்தது. இவன் என்பது குங்குன் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நான்காவது தக்பீர். ஸலாம்.

முன் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. மாங் ஓமான் நெருங்கி வந்தார்.

"குனிஞ்சுட்ட."

"தெரியும்."

"திரும்பத் தொழணுமா?"

"வேண்டாம். மறதியாச் செஞ்சது தொழுகையைக் கெடுக்காது."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஊருக்கு?"

ஜெஜென் கூட்டத்தைப் பார்த்தான். யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. இதுதான் முறை என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி நின்றார்கள். ஒருவேளை இப்படியே போய்விடும். பேச வேண்டிய நாலு வார்த்தையைப் பேசிவிட்டு, சந்தூக்கைத் தூக்கச் சொல்லலாம்.

பின் வரிசைகளிலிருந்து வந்த இரண்டு பேர் பேசுவது காதில் விழுந்தது. பக்கத்து ஊர் மதரஸா வாத்தியார்கள்; அங்கிருந்து இமாமைப் பார்த்திருக்க முடியாது.

"பார்த்தீங்களா? ஜனாஸாவுல ருகூ. மொத்தக் கும்பலும் குனியுது."

"அவன் சொல்லிக் கொடுத்த லட்சணம். கிதார் வாசிச்சவன்கிட்ட மார்க்கம் படிச்சா இப்படித்தான். எல்லாம் படமா வரும் பாருங்க, நாளைக்கு ஊரே சிரிக்கும்."

இத்தனை வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஜெஜென் காத்திருந்த வார்த்தைகள் அவை. அவனே மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தவை. இன்று சொல்லிவிட்டார்கள். அவன் வாய் திறக்காவிட்டால் போதும். படத்தில் இமாம் இருப்பதே சரியாகத் தெரியாது. குனிந்த கூட்டத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். குங்குனின் பேர் குங்குனோடு மண்ணுக்குள் போய்விடும்.

தன் உடம்புக்குள் ஏதோ ஒன்று இலேசாகச் சந்தோஷப்பட்டதை ஜெஜென் கண்டான். அதைக் கண்ட பிறகு அவனால் சும்மா நிற்க முடியவில்லை.

"பகாஸ், மைக்கைக் குடு."

பகாஸ் தந்தான். ஜெஜென் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஜனாஸா தொழுகையில குனியறது கிடையாது," என்றான். "நான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க என்னைப் பார்த்துக் குனிஞ்சீங்க. உங்க மேல தப்பு இல்லை. உங்க உஸ்தாத் மேலயும் தப்பு இல்லை. படிச்சவன் நான்தான். குனிஞ்சவனும் நான்தான்."

எங்கோ நடுவிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்ப நம்ம உஸ்தாதுக்குத் தொழுகை சேர்ந்துச்சா காங்?"

மறதி, வேண்டுமென்றே செய்வது, அதிகப்படியான அசைவு, அதில் நூல்களின் கருத்து வேறுபாடு என்று எல்லாமே ஜெஜெனின் நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

"சேர்ந்துச்சு," என்றான்.

அந்தப் பையன் அழுதான். பிறகு அவன் பக்கத்தில் நின்றவன். பிறகு எல்லாரும். ஜெஜென் மைக்கை நீட்டிவிட்டுச் சந்தூக்கின் முன்பக்கக் கைப்பிடியைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

வாத்தியார் சொன்னபடி படம் வந்தது. ஆனால் ஊர் சிரிக்கவில்லை. குனிந்ததை விட்டுவிட்டு, மைக்கில் பேசியதைத்தான் ஆளுக்காள் அனுப்பிக்கொண்டார்கள். சந்தையில் முகம் தெரியாத பையன்கள் நிறுத்திக் கையை முத்தமிட்டார்கள். "நீங்கதானே உஸ்தாத் குன்னோட அண்ணன்?" என்று கேட்டார்கள். அந்தப் படத்துக்கு மேலேயும் அப்படித்தான் போட்டிருந்தார்களாம்: உஸ்தாத் குன்னின் அண்ணன். ஜெஜென் என்ற பேர் எங்கும் இல்லை. மீன்காரியின் முன்னால் நின்றபோது, செத்துப்போன தம்பிமேல் அவனுக்கு மறுபடியும் பொறாமை வந்தது.

"இன்னும் விடலையா உங்களுக்கு?" என்றாள் இமாஸ், அவன் வீட்டுக்குள் நுழைந்ததும். அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முகத்திலேயே பார்த்திருப்பாள்.

"எது?"

"ஒண்ணுமில்லை," என்றாள். கூடையை வாங்கிக்கொண்டாள்.

ஏழாம் நாள் ஓதலுக்கு மஃரிபுக்குப் பிறகு பையன்கள் வந்து கூடத்தை நிறைத்தார்கள். இது பழைய வழக்கம், ஆதாரம் இல்லை என்று அவர்களில் சிலர் பேசிக்கொள்வார்கள் என்று ஜெஜெனுக்குத் தெரியும். அன்றைக்கு யாரும் பேசவில்லை. குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதத் தெரியாதவர்கள் கைப்பேசியில் பார்த்து முனகினார்கள். இமாஸ் அவித்த வாழைப்பழமும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள்.

எல்லாரும் கலைந்த பிறகு பகாஸ் மட்டும் இருந்தான்.

"காங், போன மாசம் டாகோவில பேசினது ஒண்ணு இன்னும் வெளியிடலை. நாளைக்குப் போடலாம்னு இருக்கோம். நீங்க ஒரு தடவை பார்த்துட்டா..."

"நான் எதுக்கு?"

"அவர் அப்படித்தான் சொல்வார். போடறதுக்கு முந்தி எங்க காங் பார்த்தா நல்லா இருக்கும், ஆனா கேக்க பயமா இருக்குன்னு."

ஜெஜென் கைப்பேசியை வாங்கிக்கொண்டான். இயர்போன் வேண்டாம் என்றான். தம்பியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பின்னல் தொப்பி, கட்டம் போட்ட சட்டை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குங்குன் ஏதோ வேடிக்கை சொன்னான். கூட்டம் சிரித்தது. ஜெஜெனுக்கும் சிரிப்பு வந்தது. தம்பியின் பேச்சுக்கு அவன் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

பிறகு குங்குன் குரலைத் தாழ்த்தினான். "டேய் பசங்களா, ரசூலுல்லாஹ் என்ன சொன்னாங்க தெரியுமா? எங்க இருந்தாலும் அல்லாவுக்குப் பயந்துக்கோ. ஒரு கெட்டது செஞ்சுட்டியா, பின்னாடியே ஒரு நல்லது செய். இது அதை அழிச்சுடும். புகாரியோட ஹதீஸ் தொகுப்புல இருக்குடா. கேட்டுக்கோ, புகாரியில."

பகாஸ் ஜெஜெனின் முகத்தைப் பார்த்தான்.

"தப்பா காங்? வெட்டிடவா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"சரியாத்தான் சொன்னாரா?"

ஜெஜென் படத்தைத் திரும்ப ஓட்டி அந்த இடத்தை இன்னொரு தடவை கேட்டான்.

"ஹதீஸ் சரி," என்றான். "புகாரியில இல்லை. திர்மிதியில இருக்கு."